பம்பின் அடியில் ஒரு சிறு துளை

யாழ்ப்பாணத்துச் செம்மணி வெளியைத் தாண்டும்போது எனது 250 சிசி மோட்டார் சைக்கிளின் வெப்ப எச்சரிக்கை விளக்கு எரிந்தது. நிறுத்திக் குனிந்து பார்த்தபோது, தண்ணீர்ப் பம்பின் அடியிலுள்ள கசிவுத் துளையிலிருந்து எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான பச்சை நிறக் கூலன்ட் சொட்டிக்கொண்டிருந்தது. துளையைப் பசையால் அடைக்குமாறு நண்பர் ஒருவர் கூறினார். ஆனால் உள்ளே கசிவைத் தடுக்கும் சீல் தேய்ந்துவிட்டதைக் காட்டவே அத்துளை இருக்கிறது என்பதாலும், அடைத்தால் கூலன்ட் எஞ்சின் ஒயிலில் கலக்கக்கூடும் என்பதாலும் நான் மறுத்துவிட்டேன்.

எஞ்சின் நன்றாக ஆறிய பின்னர் பம்பைக் கழற்றினேன். எங்கள் வீட்டுக் கேத்தலின் அடியில் படிவதைப் போன்ற வெண்ணிறச் சுண்ணப் படிவு சுழல்தண்டைச் சுற்றிப் பிடித்திருந்தது. முன்னர் வைத்திருந்தவர் கிணற்றுத் தண்ணீரையே ஊற்றியிருக்க வேண்டும். சுண்ணக்கல் நிலத்துத் தண்ணீர் குடிக்க எவ்வளவு ருசியாக இருந்தாலும் ரேடியேற்றருக்கு ஆகாது. புதிய சீல் பொருத்தி, காய்ச்சி வடித்த நீரில் சரிபாதி கலந்த கூலன்டை ஊற்றி, குமிழிகள் அடங்கும்வரை மூடியைத் திறந்தபடியே எஞ்சினை ஓடவிட்டேன்.