எச்சூக்காவை ஒரே நாளில் படித்துவிடுவது எப்படி

மெல்பர்னிலிருந்து வடக்கே ஹீத்கோட் வழியாக 220 கிலோமீட்டர் போல, இரண்டரை மணி நேரம் வண்டி ஓட்டினால் எச்சூக்கா வந்துவிடும். வருகிறவர்களில் பெரும்பாலானோர் நீராவிப் படகில் ஒரு மணி நேரம் சுற்றிவிட்டு, ஐஸ்கிரீம் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, அன்றைக்கே திரும்பிவிடுகிறார்கள். அதைப் பார்க்கும்போது எனக்கு மனசு கேட்பதில்லை. அந்தச் சின்ன ஊரின் ஆற்றங்கரையில் நின்றபடியே ஆஸ்திரேலியாவின் பாதி வரலாற்றைக் கண்ணால் பார்த்துவிடலாம், எங்கே நின்று எதைப் பார்ப்பது என்று தெரிந்திருந்தால் போதும். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

கிளம்புவதற்கு முன்பே போனில் மேப்பைத் திறந்து பாருங்கள். மர்ரே ஆறு கிழக்கே ஆஸ்திரேலிய ஆல்ப்ஸ் மலையில் பிறந்து, 2,500 கிலோமீட்டருக்கு மேல் ஓடி, தெற்கு ஆஸ்திரேலியாவில் கடலில் கலக்கிறது. நெடுக வடமேற்காகப் போகிற அந்த ஆறு ஓர் இடத்தில் தெற்கே தொங்கி வளைந்து மெல்பர்னை நோக்கி இறங்கி வருகிறது பாருங்கள், அந்த வளைவில்தான் எச்சூக்கா. மெல்பர்னுக்கு மிகப் பக்கத்தில் மர்ரே வருவது இங்கேதான். ஊர் பிறந்ததற்கு முதல் காரணமே அதுதான். கொஞ்சம் பெரிதாக்கிப் பார்த்தால் ஊருக்குச் சற்றுக் கிழக்கே கோல்பர்ன் ஆறும், ஊரின் மேற்கு ஓரத்தில் கம்பாஸ்பி ஆறும் மர்ரேயில் வந்து சேர்வது தெரியும். எச்சூக்கா என்பது இந்த மண்ணின் பழங்குடிகளான யோர்ட்டா யோர்ட்டா மக்களின் சொல், தண்ணீர்கள் கூடுமிடம் என்று பொருள். நம் பவானிக்காரர்கள் கேட்டால் அது கூடுதுறை என்று சட்டென்று சொல்லிவிடுவார்கள்.

ஊருக்கு வந்ததும் நேராகப் படகுத்துறைக்குப் போங்கள், ஆனால் மேல்தளத்தில் நின்று போட்டோ எடுத்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். படியிறங்கி, தண்ணீர் மட்டம் அனுமதிக்கிற அளவுக்குக் கீழ்த்தளம் வரை போய் அங்கிருந்து அண்ணாந்து பாருங்கள். ஓர் ஆள் கட்டிப்பிடித்தாலும் அடங்காத ரெட் கம் மரத்தூண்கள் வரிசை வரிசையாக நிற்கும். குறுக்குச் சட்டங்கள், கை அகலத்துக்குத் துருப்பிடித்த போல்ட்டுகள், தூணில் தண்ணீர் நின்று நின்று ஏறிய பட்டை பட்டையான கறைகள் எல்லாம் பக்கத்தில் தெரியும். எதற்காக மூன்று தளம்? மலையில் பனி உருகி வருகிற வசந்த காலத்து ஆறும், கோடையில் சுருங்கிக் கிடக்கிற ஆறும் பல மீட்டர் ஏற்றஇறக்கம் உள்ளவை. தண்ணீர் எந்த உயரத்தில் இருக்கிறதோ அந்தத் தளத்தில் படகைக் கட்டிச் சரக்கை இறக்க வேண்டும். அணைகள் வருவதற்கு முந்தைய மர்ரே எப்படி இருந்தது என்பதை அந்தத் தூண்களைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம்.

அந்த ரெட் கம் மரம் நமக்குப் புதிதில்லை. தமிழ்நாட்டில் தைல மரம், ஆர்.எஸ்.பதி என்று சொல்லி ஏக்கர் கணக்கில் நட்ட யூக்கலிப்டஸ் வகைகளில் இதுவும் ஒன்று. நம் ஊரில் ஒல்லியாக நெட்டையாக வளரவிட்டு, பருக்கும் முன்பே காகித ஆலைக்கு வெட்டி அனுப்பிவிடுகிறோம். அதே மரம் சொந்த மண்ணில், வெள்ளம் வந்து வேரை நனைத்துவிட்டுப் போகிற ஆற்றங்கரையில், நூற்றாண்டுக் கணக்கில் நின்று எவ்வளவு பருமனாகிறது என்று இங்கே பார்த்தபோது எனக்குப் பேச்சே வரவில்லை.

துறை எப்படி வந்தது என்றால், இங்கிலாந்தில் திருட்டுப் பொருள் வாங்கிய குற்றத்துக்காக 1834-ல் டாஸ்மேனியாவுக்குக் கைதியாக அனுப்பப்பட்ட ஹென்றி ஹாப்வுட் என்பவர், விடுதலையான பிறகு 1850-களின் தொடக்கத்தில் இங்கே வந்து ஆட்களையும் ஆடுமாடுகளையும் அக்கரைக்குக் கடத்தும் தெப்பம் விட ஆரம்பித்தார். தங்கம் தோண்டப் போகிற கூட்டத்துக்கு இறைச்சி வேண்டும், வடகரையின் மேய்ச்சல் நிலங்களிலிருந்து மந்தைகள் தெற்கே வந்தாக வேண்டும், நடுவில் ஆறு. ஹாப்வுட் பிழைத்துக்கொண்டார். 1858-ல் அவர் கட்டிய பிரிட்ஜ் ஹோட்டல் இன்றும் துறைக்குப் பக்கத்திலேயே நிற்கிறது. 1853-ல் வில்லியம் ராண்டெல் தெற்கு ஆஸ்திரேலியாவிலிருந்து ஆற்றை எதிர்த்து நீராவிப் படகை ஓட்டிக்கொண்டு இந்த வளைவு வரை வந்து காட்டினார். 1864-ல் மெல்பர்ன் ரயில் வந்தது, 1865-ல் துறை கட்டினார்கள். அவ்வளவுதான், அடுத்த பத்துப் பதினைந்து வருடங்களில் கடலே இல்லாத இந்த ஊர் நாட்டின் மிகப்பெரிய உள்நாட்டுத் துறைமுகமாகிவிட்டது. மர்ரே, டார்லிங், மரம்பிட்ஜி ஆறுகளின் கரைப் பண்ணைகளிலிருந்து கம்பளிப் பொதிகள் படகில் வரும், இங்கே ரயிலில் ஏறும், மெல்பர்னில் கப்பலில் ஏறும். உச்சத்தில் துறையின் நீளம் 332 மீட்டர். இப்போது நீங்கள் பார்ப்பது அதில் ஒரு துண்டு, மீதியை இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் மெல்பர்னுக்கு விறகு வேண்டுமென்று பிரித்து எடுத்துவிட்டார்கள்.

படகுச் சவாரியைத் தவற விடாதீர்கள், ஆனால் டிக்கெட் வாங்கும்போது இது விறகில் ஓடும் படகா, டீசலா என்று கேட்டு வாங்குங்கள். விறகுப் படகில் ஏறியதும் ஜன்னலோர இடம் தேடாமல் எஞ்சின் பக்கம் போய் நில்லுங்கள். ரெட் கம் கட்டையைக் கொதிகலனுக்குள் எறிந்ததும் கதவு வழியாக வருகிற அனல் முகத்தில் அடிக்கும், எண்ணெய் வாடை, பித்தளையின் பளபளப்பு, பக்கவாட்டில் சக்கரம் தண்ணீரை அறைகிற சத்தம், எல்லாம் ஒரு கை தூரத்தில். துறையில் கட்டியிருக்கும் அடிலெய்டு 1866-ல் கட்டிய படகு, மர உடலோடு இன்னும் ஓடுகிற சக்கரப் படகுகளில் உலகிலேயே பழையது. 1911-ன் பெவென்சியும் 1923-ன் அலெக்ஸாண்டர் ஆர்புத்நாட்டும் அங்கேயே இருக்கின்றன. படகுகளின் அடி தட்டையாக இருப்பதைக் கவனியுங்கள். ஆழமில்லாத ஆறு, அடியில் விழுந்து கிடக்கிற மரங்கள். இந்த இடம் கடல் மட்டத்துக்கு 100 மீட்டர்கூட மேலே இல்லை, ஆற்றுக்கோ இங்கிருந்து கடல் வரை இன்னும் 1,700 கிலோமீட்டர் பாக்கி இருக்கிறது. இவ்வளவு சரிவில்லாத நிலத்தில் ஆறு நேராக ஓடுமா? பாம்பு மாதிரி நெளிந்து நெளிந்துதான் போகும். (அந்த மரங்கள் இன்றும் நீருக்கடியில் கிடக்கின்றன. குளிக்க இறங்கினால் தயவுசெய்து தலைகீழாகக் குதிக்காதீர்கள், பிள்ளைகளையும் குதிக்க விடாதீர்கள்.)

அப்புறம் எல்லைக்கு வாருங்கள். எனக்கு இந்த ஊரில் மிகப் பிடித்த பகுதி இதுதான். பழைய இரும்புப் பாலத்தில் நடந்தே அக்கரைக்குப் போங்கள், 1878-ல் திறந்த பாலம், ரயிலும் வண்டியும் ஒரே பாலத்தில் வெகுகாலம் ஓடின. எச்சூக்கா விக்டோரியா மாநிலம், அக்கரையில் இருக்கும் மோவாமா நியூ சவுத் வேல்ஸ். பாலத்தின் நடுவில் நின்று ஒரு கால் இங்கே ஒரு கால் அங்கே என்று எல்லாரும் போட்டோ எடுப்பார்கள், ஆனால் எல்லை அங்கே இல்லை. 1851-ல் விக்டோரியா தனியாகப் பிரிந்தபோது மர்ரேதான் எல்லை என்றார்கள், 1855-ல் வந்த பிரிட்டிஷ் சட்டம் ஆறு முழுவதும் நியூ சவுத் வேல்ஸுக்கே என்று சொல்லிவிட்டது. எனவே எல்லைக்கோடு விக்டோரியா பக்கத்துக் கரையின் உச்சியில் போகிறது. இது வெறும் ஏட்டுச் சுரைக்காய் என்று நினைக்காதீர்கள். மர்ரேயின் தென்கரையில் ஒரு கொலை நடந்து, சுட்டவர் கரைமேல், சுடப்பட்டவர் கீழே தண்ணீரோரம் என்ற நிலையில், வழக்கு எந்த மாநிலத்தைச் சேர்ந்தது என்ற கேள்வி ஆஸ்திரேலியாவின் உச்ச நீதி அமைப்பு வரை போனது. இறந்தவர் இருந்த கரைச்சரிவு நியூ சவுத் வேல்ஸைச் சேர்ந்தது என்று 1980-ல் தீர்ப்பானது.

உங்களுக்கு இதில் நேரடியான விஷயம் ஒன்று உண்டு: எச்சூக்கா கரையில் உட்கார்ந்து மர்ரேயில் தூண்டில் போட்டாலும் நியூ சவுத் வேல்ஸ் மீன்பிடி உரிமம்தான் வேண்டும். அதே ஊரில் கம்பாஸ்பி பக்கம் போய்ப் போட்டால் விக்டோரியா உரிமம். இரண்டு ஆறும் நடந்து போகிற தூரம்தான், உரிமம் மட்டும் வேறு. மர்ரே காட் மீன் செப்டம்பர் முதல் நவம்பர் வரை பிடிக்கக் கூடாது, அது முட்டையிடும் காலம்.

எல்லை இந்த ஊர்களை என்னவெல்லாம் பாடுபடுத்தியது என்பதைப் பாலத்தில் நின்றே யோசித்துப் பாருங்கள். 1901-க்கு முன் இரண்டும் தனித்தனிக் காலனிகள், ஆற்றைக் கடக்கிற சரக்குக்குச் சுங்க வரி, இரு கரையிலும் அதிகாரிகள். அன்றாடம் அக்கரைக்கும் இக்கரைக்கும் போய்வருகிற மக்களுக்கு அது எவ்வளவு எரிச்சலாக இருந்திருக்கும்! நாடு ஒன்றாக வேண்டும் என்ற இயக்கம் சூடு பிடித்ததில் இதே ஆற்றின் மேலே இருக்கும் கொரோவா ஊரில் 1893-ல் நடந்த மாநாட்டுக்குப் பெரிய பங்கு உண்டு. ரயிலிலும் இதே கதை. விக்டோரியாவின் தண்டவாள அகலம் 1,600 மில்லிமீட்டர், நியூ சவுத் வேல்ஸில் 1,435. மோவாமாவிலிருந்து வடக்கே டெனிலிக்வினுக்கு 1876-ல் தனியார் போட்ட பாதை விக்டோரியா அகலத்தில் இருந்தது, ஆக நியூ சவுத் வேல்ஸ் கம்பளி சிட்னியை விட்டுவிட்டு மெல்பர்னுக்கு வந்தது. சிட்னி சும்மா இருக்குமா? 1882-ல் தன் ரயிலை மரம்பிட்ஜி கரையிலிருக்கும் ஹே ஊர் வரை கொண்டுவந்துவிட்டது. படகுக்குச் சரக்கு குறைந்தது, 1890-களின் பொருளாதார நெருக்கடியும் சேர்ந்து துறை படுத்துவிட்டது.

பிற்காலத்திலும் எல்லை விடவில்லை. நியூ சவுத் வேல்ஸ் கிளப்புகளில் 1956 முதலே சூதாட்ட மெஷின் சட்டப்படி உண்டு, விக்டோரியாவில் 1990-கள் வரை கிடையாது. மோவாமா கிளப்புகள் அவ்வளவு பெரிதாக ஏன் இருக்கின்றன என்று வியந்தால் காரணம் இதுதான், பஸ் பஸ்ஸாக ஆட்கள் வந்தார்கள். 2020 ஜூலை 8-ல் கொரோனாவுக்காக எல்லையை மூடியபோது வீடு ஒரு கரையிலும் வேலை மறு கரையிலும் இருந்தவர்கள் அனுமதிச் சீட்டோடு வரிசையில் நின்றார்கள்.

மத்தியானத்துக்குப் பிறகு வண்டியை எடுத்துக் கிழக்கே சுமார் 30 கிலோமீட்டரில் இருக்கும் பார்மா போங்கள். பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் எச்சூக்காவுக்கு வடக்கே நிலத்தில் கேடல் பிளவு என்கிற நெடிய பிளவில் ஒரு பக்கம் சில மீட்டர் உயர்ந்து, மர்ரேயின் பாதையையே மறித்துவிட்டது. முட்டிய ஆறு வடக்கே சுற்றிப் பார்த்தது, பிறகு தெற்கே உடைத்துக்கொண்டு கோல்பர்னின் பழைய தடத்தைப் பிடித்துக்கொண்டது. எச்சூக்கா துறையில் நீங்கள் பார்த்த மர்ரே அப்படி இரவல் தடத்தில் ஓடுகிற மர்ரேதான். தண்ணீர் தேங்கிப் பரவிய தாழ்நிலத்தில் வளர்ந்ததுதான் பார்மா–மில்லவா காடு, உலகின் மிகப்பெரிய ரெட் கம் காடு. அங்கே ஆறு குறுகிவிடுகிறது, நாளொன்றுக்குச் சுமார் 700 கோடி லிட்டருக்கு மேல் விட்டால் கரை வழிந்து காட்டுக்குள் போய்விடும், அணையிலிருந்து கீழ்ப்பண்ணைகளுக்குத் தண்ணீர் அனுப்புகிறவர்களுக்குத் தீராத தலைவலி. காட்டில் நடக்கும்போது பழைய மரங்களின் தண்டைப் பாருங்கள். ஆள் உயரத்துக்கு மேல், நீள்வட்டமாக, பட்டை உரித்த தழும்பு இருந்தால் அங்கிருந்து ஒரு படகு எடுத்திருக்கிறார்கள். யோர்ட்டா யோர்ட்டா மக்கள் மரத்தைக் கொல்லாமல் பட்டையை மட்டும் உரித்துப் படகு செய்தார்கள், மரம் ஓரத்தைச் சுருட்டிக்கொண்டு ஆறி வளர்ந்திருக்கும். கை வைக்காமல் பாருங்கள்.

பார்மாவில் ஆற்றங்கரையில் நின்றால் அக்கரைப் பக்கம்தான் கம்மரகன்ஜா. நியூ சவுத் வேல்ஸ் அரசு பழங்குடி மக்களை வைத்திருந்த குடியிருப்பு. மோசமான நிலைமையும் நிர்வாகியின் கெடுபிடியும் தாங்காமல் 1939 பிப்ரவரி 4-ல் சுமார் 200 பேர் அங்கிருந்து வெளியேறி, ஆற்றைக் கடந்து விக்டோரியாவுக்கு வந்து இந்தக் கரையில் கூடாரம் போட்டார்கள். சரக்குக்கு வரி வாங்கிய அதே எல்லையைத் தாண்டித்தான் அந்த நிர்வாகத்தின் பிடியிலிருந்து தப்ப வேண்டியிருந்தது. அந்த மக்களிடமிருந்து வந்தவர்தான் வில்லியம் கூப்பர், 1938 டிசம்பரில் யூதர்கள் மீதான நாஜிக் கொடுமையைக் கண்டித்து மெல்பர்னில் ஜெர்மன் துணைத் தூதரகத்துக்கு ஊர்வலம் போனவர். பிற்காலத்தில் தெற்கு ஆஸ்திரேலியாவின் ஆளுநரான டக் நிக்கல்ஸும் அங்கேதான் பிறந்தார். இவர்கள் இருவருக்கும் பாடம் சொல்லிக்கொடுத்த ஆசிரியர் தாமஸ் ஷாட்ராக் ஜேம்ஸ், மொரீஷியஸில் ஓர் இந்திய வம்சாவளிக் குடும்பத்தில் பிறந்தவர், கூப்பரின் தங்கையையே மணந்துகொண்டு அந்த மக்களோடு வாழ்ந்தவர். பெட்டிஷன் எழுதி உரிமை கேட்ட ஒரு தலைமுறை அவர் வகுப்பறையிலிருந்து வந்தது. கம்மரகன்ஜா இன்றும் மக்கள் வாழும் ஊர், சுற்றுலா இடம் இல்லை, அழைப்பில்லாமல் உள்ளே வண்டி ஓட்டாதீர்கள். இக்கரையில் நின்று அந்த 200 பேரை நினைத்துக்கொண்டாலே போதும்.

இருட்டுவதற்குள் எச்சூக்காவுக்குத் திரும்புங்கள், கங்காருக்கள் சாலையில் குறுக்கே வரும். வரும்போது 2022-ல் திறந்த புதுப் பாலத்தில் வாருங்கள். அதற்கு துங்காலா என்று பெயர், யோர்ட்டா யோர்ட்டா மொழியில் மர்ரேயின் பெயர் அது. திறந்த அதே வருடம் அக்டோபரில் பெருவெள்ளம் வந்து, ஊரைக் காப்பாற்றத் தெருக்களின் நடுவே அவசரமாக மண்கரை போட்டார்கள், சில வீடுகள் கரைக்கு ஆற்றுப் பக்கமே நின்றுவிட்டன. காலையில் துறையின் தூண்களில் பார்த்த கறைகளை அப்போது ஒருமுறை நினைத்துப் பாருங்கள், முடிந்தால் இருட்டுவதற்கு முன் கீழ்த்தளத்துக்கு இறங்கி இன்னொரு தடவை பார்த்துவிட்டு வண்டியை மெல்பர்ன் பக்கம் திருப்புங்கள்.