மகள் பெட்டியோடு வந்து நின்றால்

இரவு பத்தரை மணிக்குக் கதவைத் தட்டியது என் மகள். ஒரு கையில் பெட்டி, தோளில் தூங்கி வழியும் நான்கு வயதுப் பேரன். அடுத்த ஒரு வாரத்தில் நானும் என் கணவரும் செய்யாத தப்பில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் சோறு போடுங்கள். மோர் சோறும் ஊறுகாயும் போதும். கதையைக் காலையில் கேட்டுக்கொள்ளலாம். ஒரு கேள்வியை மட்டும் அன்றிரவே கேட்க வேண்டும்: "கை நீட்டினாரா?" ஆம் என்றால், அனுசரித்துப் போகச் சொல்லாதீர்கள். 181 என்ற எண்ணில் பெண்களுக்கான உதவி எந்நேரமும் கிடைக்கும். 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டப்படி, அவள் வாழ்ந்த வீட்டிலேயே தொடர்ந்து வசிக்கும் உரிமையைக் கேட்கலாம். அவள்தான் வெளியேற வேண்டும் என்றில்லை.

இல்லை என்றால், சம்பந்தி வீட்டுக்கு போன் போடாதீர்கள். இவர் போட்டார். மாப்பிள்ளை மகளிடம் சொல்லாமல் கடன் வாங்கியதுதான் தகராறு. பத்தே நிமிடத்தில் பேச்சு கல்யாணச் சீருக்கும், வளைகாப்பில் யாரை யார் மதிக்கவில்லை என்பதற்கும் போய்விட்டது. "அப்பா, நான் அதைச் சொல்லவே இல்லையே" என்று மகள் அழுதது யார் காதிலும் விழவில்லை.

பேரன் காதுபட அவன் அப்பாவைக் குறை சொல்லாதீர்கள். இது என் தப்பு. தேங்காய் துருவிக்கொண்டே "ஒன்றுக்கும் உதவாத மனுஷன்" என்றேன். கூடத்தில் ரயில் பொம்மையை உருட்டிக்கொண்டிருந்த சத்தம் நின்றது. அன்றிரவு படுக்கையை நனைத்தான். மறுநாள் போனில், "அப்பா, நீங்கள் ஒன்றுக்கும் உதவாதவரா?" என்று கேட்டுவிட்டான்.

பஞ்சாயத்துக்குப் பெரியப்பா, சித்தப்பாக்களைக் கூட்டாதீர்கள். வழக்குப் போடுவதற்கு முன்பே மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுத்துச் சமரசம் பேசலாம். நாங்கள் இதை ஒரு மாதம் கழித்துத்தான் தெரிந்துகொண்டோம். அவர்கள் இருவரும் உள்ளே பேச, நாங்கள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். இவர் இரண்டு முறை எழுந்தார். சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தேன்.

பொங்கலுக்கு மூவரும் ஒன்றாக வந்தார்கள். மாப்பிள்ளை இலையில் இரண்டாவது வடையை வைக்கப் போனேன். "போதும் அத்தை" என்று கையால் மறைத்தார். முன்பெல்லாம் கேட்டு வாங்கிச் சாப்பிடுவார்.