பாட்காஸ்ட் சொற்கள்: கேட்பவர்களுக்கும் தொடங்குபவர்களுக்கும்

டெல்டாவில் காதுவழியாக விஷயம் பரவுவது புதிதல்ல. 1960களில் ஆடுதுறை 27 நெல் திருச்சி வானொலியின் விவசாய நிகழ்ச்சிகளால் தஞ்சாவூர்ப் பக்கம் பரவி, ‘ரேடியோ நெல்’ என்றே பெயர் வாங்கியது. வானொலிக்கு அது சொல்லும் நேரத்தில் நாம் உட்கார வேண்டும். பாட்காஸ்ட், அதாவது நெட் வழியாகக் கேட்கும் பேச்சுத் தொடர், நமக்கு ஒழிந்த நேரத்தில் ஓடும். பாரம்பரிய நெல், கோயில் நாதஸ்வரம், ஊர்க் கதை என்று எதையாவது பேசத் தொடங்க நினைப்பவர்கள் பலர், சொற்களைப் பார்த்தே தயங்கிவிடுகிறார்கள். ஒவ்வொரு படியாகப் போவோம்.

படி 1: ஒரு ஆப்பைத் திறந்து கேளுங்கள்

ஸ்பாட்டிஃபை, ஆப்பிள் பாட்காஸ்ட்ஸ், ஆண்டெனாபாட், எதுவானாலும் சரி. (கூகுள் பாட்காஸ்ட்ஸை 2024இல் மூடிவிட்டார்கள். பழைய கட்டுரைகளில் அந்தப் பெயர் வந்தால் தாண்டிப் போங்கள்.) முழுத் தொடர்தான் ஷோ. அதில் ஒவ்வொரு பகுதியும் எபிசோடு. ஒரே பொருளில் வரும் சில எபிசோடுகளைச் சேர்த்தால் சீசன். டிரெய்லர் என்பது ஓரிரு நிமிட முன்னோட்டம். எபிசோடுக்குக் கீழே எழுதியிருக்கும் குறிப்பும் இணைப்புகளும் ஷோ நோட்ஸ்.

ஃபாலோ பொத்தானை அழுத்தினால் புது எபிசோடு வந்ததும் தெரியும், அவ்வளவுதான், காசு போகாது. முன்பு இதையே சப்ஸ்கிரைப் என்றார்கள். பணம் கட்டணுமோ என்று பலர் பயந்தார்கள். 2021இல் ஆப்பிள் அதை ஃபாலோ என்று மாற்றியது.

ஸ்ட்ரீம் செய்தால் நெட் இருக்கும்வரை ஓடும். டவுன்லோட் செய்துகொண்டால், திருத்துறைப்பூண்டி தாண்டிப் பஸ்ஸில் போகும்போது டவர் காலை வாரினாலும் கவலையில்லை.

படி 2: ஃபீடைப் புரிந்துகொள்ளுங்கள்

மற்றதெல்லாம் மறந்தாலும் இது நினைவில் இருக்கட்டும். ஆர்எஸ்எஸ் ஃபீட் என்பது ஒரு சின்ன எழுத்துக் கோப்பு. உங்கள் ஷோவின் பெயர், ஒவ்வொரு எபிசோடின் தலைப்பு, தேதி, ஒலிக்கோப்பு இருக்கும் முகவரி, எல்லாம் அதில் வரிசையாக இருக்கும். மொய் நோட்டில் பணம் இருக்காது, யார் எவ்வளவு என்ற விவரம்தான் இருக்கும் இல்லையா? ஃபீடிலும் அப்படித்தான், ஒலி இருக்காது. ஒலியை வைத்திருப்பது ஹோஸ்டிங் நிறுவனம். ஆப்கள் ஃபீடை அடிக்கடி எட்டிப்பார்த்து, புது வரி சேர்ந்திருந்தால் கேட்பவருக்குக் காட்டுகின்றன.

அதனால் ஸ்பாட்டிஃபைக்குத் தனியாக, ஆப்பிளுக்குத் தனியாக எபிசோடை ஏற்ற வேண்டியதில்லை. ஹோஸ்டிங்கில் ஒரு தடவை ஏற்றினால் போதும். ஃபீட் முகவரியை முதல் முறை மட்டும் ஸ்பாட்டிஃபை, ஆப்பிள் போன்றவற்றிடம் பதிய வேண்டும். அவை வைத்திருக்கும் ஷோக்களின் பட்டியலுக்கு டைரக்டரி என்று பெயர். யூடியூபில் வீடியோவாக மட்டும் போட்டால் இந்த ஃபீட் உங்களுக்குக் கிடைக்காது. அது போதும் என்பவர்கள் உண்டு; என்னைக் கேட்டால் ஃபீட் இல்லாமல் தொடங்காதீர்கள்.

ஒரு குழப்பம்: நிகழ்ச்சியை நடத்துபவரும் ஹோஸ்ட், கோப்பை வைத்திருக்கும் நிறுவனமும் சில இடங்களில் ஹோஸ்ட். எதைச் சொல்கிறார்கள் என்று இடம் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டியதுதான்.

படி 3: பதிவு செய்யுங்கள்

கெயின் என்பது மைக் எவ்வளவு கூர்மையாகக் கேட்கிறது என்ற அளவு. வழக்கமான குரலில் பேசும்போது மீட்டர் -12க்கும் -6 டெசிபலுக்கும் நடுவே ஆடட்டும். 0ஐத் தொட்டால் குரல் கிழியும். இதுதான் கிளிப்பிங். கிழிந்த குரலை எடிட்டிங்கில் ஒட்டுவது பெரும்பாடு. ‘ப’ சொல்லும்போது மைக்கில் அடிக்கும் காற்றைத் தடுப்பது பாப் ஃபில்டர்.

நம்ம ஊரில் அறை அமைதி கிடைப்பது கஷ்டம். பக்கத்து வயலில் மோட்டார் ஓடும், மார்கழியில் கோயில் ஒலிபெருக்கி விடியுமுன்பே தொடங்கிவிடும். ஒலிபெருக்கியோடு போட்டி போடாதீர்கள், நேரத்தை மாற்றிக்கொள்ளுங்கள். மோட்டார், ஃபேன் போல ஒரே சீராக வரும் இரைச்சலுக்கு வழி உண்டு. பேசத் தொடங்குமுன் பத்து விநாடி வாய் திறக்காமல் பதிவு செய்யுங்கள். இதற்கு ரூம் டோன் என்று பெயர். ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் அந்தப் பத்து விநாடியைத் தேர்ந்தெடுத்து, நாய்ஸ் ரிடக்‌ஷனில் மாதிரியாகக் கொடுத்தால், அதே இரைச்சலைப் பேச்சிலிருந்தும் குறைக்கும். அளவோடு குறையுங்கள், அதிகமானால் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வரும்.

படி 4: வெட்டி, ஒலியளவைச் சமமாக்கி, எம்பி3 ஆக்குங்கள்

எல்யூஎஃப்எஸ் என்பது மொத்த எபிசோடும் காதுக்கு எவ்வளவு சத்தமாகப் படுகிறது என்ற கணக்கு. ஆப்பிள் கேட்பது -16. ஆடாசிட்டியின் லவுட்னஸ் நார்மலைசேஷன் பெட்டியில் -23 என்று இருக்கும், அதை -16 ஆக மாற்றுங்கள்.

வேவ் என்பது சுருக்காத கோப்பு. அரை மணி நேரப் பேச்சு மோனோவில், அதாவது ஒற்றைத் தடத்தில், 150 எம்பியைத் தாண்டும். கேட்பவருக்குப் போக வேண்டியது எம்பி3. பிட்ரேட் என்பது விநாடிக்கு எவ்வளவு தரவு என்பது. பேச்சுக்கு 64 கேபிபிஎஸ் மோனோ தாராளம். அரை மணி நேரம் 15 எம்பிக்குள் அடங்கும். இசை வந்தால் 128 ஸ்டீரியோ, அதாவது இரட்டைத் தடம், வையுங்கள். வேவ் கோப்பை அழித்துவிடாதீர்கள்.

படி 5: வெளியிடுங்கள்

கவர் ஆர்ட் சதுரமாக, 1400 முதல் 3000 பிக்சலுக்குள் இருக்க வேண்டும். போனில் கட்டைவிரல் அளவுக்குத்தான் தெரியும், அதனால் எழுத்தைப் பெரிதாகப் போடுங்கள்.

பிறகு எண்கள் வரும். டவுன்லோட் எண்ணிக்கை என்பது கேட்டவர் எண்ணிக்கை கிடையாது. கோப்பு போனுக்குப் போய்ச் சேர்ந்தது என்பதுதான் அதன் பொருள். எத்தனை பேர் கடைசிவரை கேட்டார்கள் என்பதை ஆப்பிள், ஸ்பாட்டிஃபை ஆகியவற்றின் தனிக் கணக்கில்தான் பார்க்க முடியும். விளம்பரம் தொடக்கத்தில் வந்தால் ப்ரீரோல், நடுவில் வந்தால் மிட்ரோல், கடைசியில் வந்தால் போஸ்ட்ரோல்.

ஹோஸ்டிங் நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்கும்போது ஒரு கேள்வி கேளுங்கள்: “நாளைக்கு வேறு இடத்துக்குப் போனால் 301 ரீடைரக்ட் போட்டுத் தருவீர்களா?” பழைய ஃபீடைத் தேடி வரும் ஆப்களைப் புது முகவரிக்குத் திருப்பி அனுப்புவது அதுதான். அது இல்லையென்றால் ஃபாலோ செய்தவர்களின் ஆப்கள் பழைய முகவரியிலேயே காத்திருக்கும். அப்புறம், ஃபீடில் உங்கள் மின்னஞ்சல் எல்லோர் கண்ணிலும் படும்படி இருக்க வாய்ப்புண்டு. பேங்குக்குக் கொடுத்த முகவரியை அங்கே போடாமல், ஷோவுக்கென்று ஒன்று திறந்துகொள்ளுங்கள்.