விமானம் ரத்தானால் கவுன்ட்டரை விட்டு நகராதீர்கள்

முதல் வேலை டிக்கெட் போடும்போதே இருக்கிறது. பயணியின் எண் என்று கேட்கும் இடத்தில் உங்கள் சொந்த எண் இருக்கிறதா என்று பாருங்கள். என் மாமாவுக்குக் கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு கடையில் டிக்கெட் போட்டோம், கடைக்காரர் தன் எண்ணையே போட்டுவிட்டார், விமானம் ரத்து என்ற செய்தி அவருக்குத்தான் போனது. மாமா ராத்திரி பஸ் ஏறி, கிளாம்பாக்கத்தில் இறங்கி, மீனம்பாக்கம் விமான நிலையத்தில் மடியில் மஞ்சள் பையோடு விடியும்வரை உட்கார்ந்திருந்த பிறகுதான் விஷயமே தெரிந்தது. இழப்பீடும் இல்லை. சரியான தொடர்பு எண் தராதவருக்குத் தர வேண்டியதில்லை என்று, விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான டிஜிசிஏவின் விதியிலேயே இருக்கிறது.

2010 முதல் இருக்கும் விதிதான் இது, நடுவில் சில முறை திருத்தினார்கள். 1934ஆம் வருடத்து விமானச் சட்டம் போய், 2025 ஜனவரி 1 முதல் பாரதிய வாயுயான் அதிநியம் என்ற புதிய சட்டம் வந்த பிறகும் இந்த விதி இருக்கிறது.

சரி, உங்களுக்குச் சொல்லாமலே ரத்து செய்துவிட்டால்? மாற்று விமானமா, முழுப் பணமா என்று தேர்ந்தெடுப்பது நீங்கள்தான். பணத்தை விமான நிறுவனத்தின் கணக்கிலேயே வரவு வைத்து அடுத்த பயணத்துக்குத் தருகிறோம் என்பார்கள், அதற்கு நீங்கள் சம்மதித்தால்தான் உண்டு. டிக்கெட் பணம் போக இழப்பீடும் உண்டு: பறக்கும் நேரம் 1 மணி வரை என்றால் 5,000 ரூபாய், 2 மணி வரை 7,500, அதற்கு மேல் 10,000, அல்லது அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகை, இதில் எது குறைவோ அது. புதுச்சேரி லாஸ்பேட்டை விமான நிலையத்திலிருந்து ஹைதராபாத் போகிறவர் நடுவில் உள்ள 7,500 ரூபாய்ப் பிரிவில் வருவார்.

புயல், மழைக்கு இந்த இழப்பீடு கிடையாது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்தபோது சென்னை விமான நிலையத்தையே மூடினார்கள், அதற்கு யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் டிக்கெட் பணம் வேறு, இழப்பீடு வேறு, இரண்டையும் ஒன்றாக்கிப் பேசினால் விடாதீர்கள்.

தாமதம் என்றால், இரண்டரை மணி வரை பறக்கும் விமானம் 2 மணி நேரம் தாமதமானாலே சாப்பாடு தர வேண்டும். வாய்விட்டுக் கேளுங்கள். உள்நாட்டு விமானம் 6 மணி நேரத்துக்கு மேல் தாமதம் என்றால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம்.

இருக்கை நிரம்பிவிட்டது என்று ஏற்றாமல் விட்டால், 1 மணி நேரத்துக்குள் கிளம்பும் வேறு விமானம் தந்தால் இழப்பீடு இல்லை, 24 மணி நேரத்துக்குள் என்றால் 10,000 வரை, அதையும் தாண்டினால் 20,000 வரை.

கவுன்ட்டரில் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். தர மாட்டேன் என்றால் அறிவிப்புப் பலகையைப் படம் எடுங்கள், அங்கே நிற்கும்போதே நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். பதில் வராவிட்டால் ஏர்சேவா என்ற அரசுச் செயலியில் புகார். அப்புறமும் அசையவில்லையா, சென்னைக்கு ஓட வேண்டாம்: 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே, கடலூர்க்காரர் என்றால் கடலூர் நுகர்வோர் ஆணையத்திலேயே, இரண்டு வருடத்துக்குள் வழக்குப் போடலாம். டிக்கெட் தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமே இல்லை.