மீன்பிடிக் கரை ஒன்றின் வரவுசெலவைக் கணக்கிடும் முறை

தமிழ்நாட்டின் கடற்கரை ஏறத்தாழ 1,076 கி.மீ. நீளமுடையது என்றும், 14 கடலோர மாவட்டங்களில் 608 கடல் மீனவ கிராமங்கள் உள்ளன என்றும் அரசு வெளியீடுகள் நெடுங்காலமாகக் குறிப்பிட்டு வருகின்றன. இவற்றுள் ஏதேனும் ஓர் ஊரின் பொருளாதாரத்தைப் பற்றி எழுத முற்படும் மாணவரோ செய்தியாளரோ ஊராட்சி உறுப்பினரோ, பெரும்பாலும் எத்தனை டன் மீன் இறங்கியது என்ற கணக்கிலிருந்தே தொடங்குகிறார். எடைக் கணக்கைக் கொண்டு ஊரின் நிலையை அறிய முடியாது. சாளை மீன் குவிந்து விலை சரிந்த நாளில் டன் கணக்கு உச்சத்தில் இருக்கும். படகுக்காரருக்கோ டீசல் காசு கூடத் தேறியிருக்காது. ஆகவே, கரையில் முதல் விற்பனையில் கைமாறும் பணத்தை எடுத்துக்கொண்டு, அது எவரெவர் கைக்குப் போகிறது, எவ்வளவு ஊரிலேயே தங்குகிறது என்று பின்தொடர்வதே பயனுள்ள முறை.

முதலில் நாளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் அது ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. நாட்டுப்படகுகளுக்குத் தடை இல்லை என்பதால், அந்நாள்களில் நாட்டுப்படகு மீனவர்கள் கொண்டுவரும் மீனுக்கு விலை ஏறும். பாக் நீரிணைப் பகுதியில் வாரத்தில் மூன்று நாள் விசைப்படகு, நான்கு நாள் நாட்டுப்படகு என்ற ஏற்பாடு உண்டு. கத்தோலிக்கக் கடலோர ஊர்களில் ஞாயிற்றுக்கிழமை பொதுவாகக் கடலுக்குப் போவதில்லை. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கிழக்குக் கரையில் தொழில் பல நாள்கள் முடங்கும். ஒரே வாரத்தில் குறிப்பெடுத்து அதை 52-ஆல் பெருக்கினால் கிடைக்கும் தொகை எந்த ஊருக்கும் பொருந்தாது. நல்ல பாடு (மீன் பிடிப்பு) கிடைக்கும் மாதம், மந்தமான மாதம், தடைக்காலம் ஆகிய மூன்றிலும் கரைக்குப் போவது குறைந்தபட்சத் தேவை.

அடுத்து, ஏலம் நடக்கும் இடத்தில் நிற்க வேண்டும். ஃபைபர் படகு கரையேறியதும் வலையிலிருந்து மீனைக் கழற்றி, இனம் பிரித்து மணலில் குவிப்பார்கள். ஏலம் கூறுபவர் ஒரு தொகையைச் சொல்லித் தொடங்குவார். சுற்றி நிற்கும் வியாபாரிகளும் கூடை கொண்டுவந்த பெண்களும் ஏற்றிக் கேட்பார்கள். சில நொடிகளில் முடிந்துவிடும். பல கரைகளில் மீன் நிறுக்கப்படுவதில்லை. கூடை, பெட்டி, குவியல் என்ற அளவிலேயே விலை பேசப்படுகிறது. வஞ்சிரம், பாறை போன்ற பெரிய மீன்கள் தனித்தனியாகவும் ஏலம் போகும். எனவே கூடைக்கு எத்தனை கிலோ என்பதை அந்தந்தக் கரையிலேயே சிலமுறை நிறுத்துப் பார்த்துச் சராசரி காண வேண்டும்; பக்கத்து ஊர்க் கூடையின் அளவு வேறாக இருக்கலாம். குறிப்பேட்டில் படகின் வகை, வலையின் வகை, மீன் இனம், அளவு, ஏலத் தொகை, வாங்கியவர் உள்ளூர்க்காரரா வெளியூர் வியாபாரியா என்ற விவரம் ஆகியவை போதும். ஆளின் பெயரை எழுதத் தேவையில்லை, எழுதினால் மறுநாள் எவரும் வாய் திறக்கமாட்டார்கள்.

ஏலத் தொகை முழுவதும் வருமானம் அன்று. எடுத்துக்காட்டாக, ஒரு படகின் மீன் 10,000 ரூபாய்க்குப் போனதாகக் கொள்வோம். ஏலத் தரகு நூற்றுக்கு ஐந்து என்றால் 500 ரூபாய் கழிகிறது. எரிபொருள், ஐஸ், சாப்பாட்டுச் செலவு 3,500 ரூபாய் என்றால் மிச்சம் 6,000. அதில் பாதி படகு, இயந்திரம், வலை ஆகியவற்றின் பங்காக உரிமையாளருக்குப் போய், மறுபாதி நான்கு தொழிலாளர்களுக்குப் பிரிந்தால் ஆளுக்கு 750 ரூபாய் கிடைக்கும். இந்த எண்கள் விளக்கத்துக்காக வைத்தவையே. உண்மையான பங்கு விகிதம் ஊருக்கு ஊர், வலைக்கு வலை மாறும்; ஊர்ப் பொதுவுக்கோ கோயிலுக்கோ பிடித்தம் உள்ள இடங்களும் உண்டு. தங்கல் தொழிலுக்கு, அதாவது பல நாள் கடலிலேயே தங்கிப் பிடிக்க, போகும் விசைப்படகுகளில் ஒரு நாள் கணக்கு செல்லாது. புறப்பட்டதிலிருந்து திரும்பியது வரை ஒரு கணக்காகவே எடுக்க வேண்டும். பாடே இல்லாமல் திரும்பிய நாள்களையும் விடாமல் எழுத வேண்டும், ஏனெனில் டீசல் அன்றும் எரிந்திருக்கிறது.

இதுவரை சொன்னவை எளிதில் கேட்டறியக்கூடியவை. கடினமான பகுதி முன்பணம். படகு கட்டவும் வலை வாங்கவும் வியாபாரியிடமோ ஏலம் கூறுபவரிடமோ முன்பணம் பெற்றவர், தம் மீனை அவர் வழியாகவே விற்கக் கடமைப்படுகிறார். இதற்கு வட்டி என்று தனியாக எதுவும் பேசப்படாமல் இருக்கலாம். ஆனால் கூடுதல் தரகாகவோ குறைந்த விலையாகவோ அது நாள்தோறும் கழிந்துகொண்டிருக்கும். ஆகவே கடன் எவ்வளவு என்று நேராகக் கேட்பதை விட, ஒரே நாளில் ஒரே மீனுக்கு முன்பணம் பெற்ற படகும் பெறாத படகும் அடைந்த விலையை ஒப்பிடுவது நம்பகமான வழி. அந்த வேறுபாடே ஊரைவிட்டு வெளியேறும் தொகையின் ஒரு பகுதி. முதல் விற்பனை மீனவர் கையிலேயே இருக்க வேண்டும் என்ற நோக்கத்தில்தான் கேரளத்திலும் கன்னியாகுமரியிலும் மீனவர் சங்கங்கள் உருவாகி, 1980-இல் தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பாக இணைந்தன. அத்தகைய சங்கம் இயங்கும் ஊரையும் இயங்காத ஊரையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிந்தால் ஆய்வு வலுப்பெறும்.

பெண்களின் தொழிலை அதிகாரப்பூர்வக் கணக்குகள் எளிதில் தவறவிடுகின்றன. ஏலத்தில் ஒரு கூடை எடுத்து, பேருந்திலோ பங்கு ஆட்டோவிலோ உள்ளூர்ச் சந்தைகளுக்குக் கொண்டுபோய் விற்பவரின் லாபம் எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை. வாங்கிய விலை, போக்குவரத்து, ஐஸ், சந்தை வாடகை, விற்காமல் மிஞ்சியதைக் கருவாடாக்கியது ஆகியவற்றை அவரிடமே கேட்டு எழுத வேண்டும். கருவாட்டுக்கு உப்புச் செலவும் வெயில் நாள்களும் சேர்ந்த தனிக் கணக்கு தேவை. இராமநாதபுரக் கரையில் சங்காயம் எனப்படும் கழிவு மீனையும் ஒதுக்கக் கூடாது. மீன்தூளாகவும் கோழித் தீவனமாகவும் அது உள்நாட்டுக் கோழிப்பண்ணைகள் வரை போய்ச் சேருகிறது. அதே சங்காயத்தில் வளராத குஞ்சுகள் நிறைந்திருந்தால், இன்றைய வரவில் ஒரு பகுதி நாளைய பிடிப்பிலிருந்து எடுத்தது என்பதையும் குறிக்க வேண்டும்.

ஐஸ் ஆலை, படகு கட்டும் இடம், இயந்திரப் பட்டறை, வலை பின்னுபவர், சுமை தூக்குபவர், லாரி ஓட்டுநர் ஆகியோரையும் சேர்க்கலாம். ஆனால் இருமுறை எண்ணுவது இங்கேதான் நேரும். கரையில் 100 ரூபாய்க்கு வாங்கிய மீன் நகரத்தில் 150 ரூபாய்க்கு விற்றால், சேர்க்க வேண்டியது 100-உம் கூடுதலான 50-உமே. இரண்டு விற்பனையையும் கூட்டி 250 என்று எழுதக் கூடாது. ஐஸ் விற்றவரின் வரவும் படகின் செலவும் ஒரே பணம்தான்.

கடைசியாக, கிடைத்த தொகையை மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனமும் மாநில மீன்வளத் துறையும் வெளியிடும் மதிப்பீடுகளோடு ஒப்பிட வேண்டும். 1947-இல் தொடங்கி இன்று கொச்சியைத் தலைமையிடமாகக் கொண்ட அந்நிறுவனத்தின் மதிப்பீடு, தேர்ந்தெடுத்த நாள்களில் இறங்குதளங்களில் எடுக்கும் மாதிரிகளை அடிப்படையாகக் கொண்டது. ஒரு தனி ஊரின் கணக்கு அதோடு அப்படியே பொருந்த வேண்டியதில்லை. மேலும், மீன் இறங்கும் இடமும் பணம் சேரும் இடமும் வேறாக இருக்கலாம். தூத்தூர் வட்டார ஆழ்கடல் மீனவர் அரபிக்கடலில் பிடிக்கும் சூரையும் சுறாவும் பெருமளவு கொச்சி போன்ற துறைமுகங்களில் இறங்கி, கேரளத்தின் கணக்கில் ஏறுகின்றன; அவர்களின் பங்குப் பணமோ கன்னியாகுமரி மாவட்டத்து வீடுகளுக்கு வருகிறது. அத்தகைய ஊரில் ஏலக் களத்தை விட்டுவிட்டு, வீடுவீடாகப் பங்குக் கணக்கைக் கேட்பதிலிருந்துதான் தொடங்க வேண்டும்.