கப்பல் மாடல் கம்பெனி கவுந்துடுச்சா? மொதல்ல ஏலத்தை மூடுங்க, பேங்க் ஸ்டேட்மென்ட்டைத் திறங்க

கம்பெனி சைட்டுல மூணு நாளா "பராமரிப்பு வேலை நடக்குது"ன்னு ஒரே போர்டு தொங்குது, மெயில் போட்டா பதில் இல்ல, போன மாசம் வரவேண்டிய விண்கப்பல் மாடல் வரல, ஆனா அக்கவுண்ட்ல இருந்து காசு மட்டும் தேதி தவறாம போயிருக்கு. இது எல்லாம் ஒண்ணா சேர்ந்து வந்தா கம்பெனி மூச்சு வாங்குதுன்னு அர்த்தம். இதுக்கு முன்னாடி பெரும்பாலும் ஒரு பெரிய தள்ளுபடி சேல் வேற நடந்திருக்கும், நாமளும் அடடா லாபம்னு ரெண்டு எக்ஸ்ட்ரா ஆர்டர் போட்டிருப்போம்.

2022-ல இங்கிலாந்துல ஈகிள்மாஸ் கவுந்துச்சு. 2013-ல இருந்து ஸ்டார் ட்ரெக்ங்கிற விண்வெளி டிவி தொடர்ல வர்ற கப்பல்களோட மாடலை ஒவ்வொண்ணா, கூடவே ஒரு மேகசினோட வித்துட்டு இருந்த கம்பெனி. வருஷக்கணக்கா வாங்கி ஷெல்ஃப்ல அடுக்கினவங்க எத்தனை பேரு. அந்த மாதிரி நேரத்துல ஆளுங்க பொதுவா மூணு விதமா ஆடுவாங்க. ஒரு செட்டு துக்கம் அனுசரிக்கும், ஒரு செட்டு கம்பெனியில வேலை பார்த்த பாவப்பட்ட ஆளுங்களைத் தேடிப்பிடிச்சு திட்டும், மூணாவது செட்டு அன்னிக்கு ராத்திரியே ஈபேல போய் விடுபட்ட கப்பலுக்கெல்லாம் மூணு மடங்கு காசு கொட்டும். வேலை பார்த்தவங்களைத் திட்டாதீங்க, அவங்க நம்மளை விட மோசமான நிலைமைல இருப்பாங்க. அழுறதுன்னா தாராளமா அழுங்க, நானும் அழுதேன். ஆனா அந்த மூணாவது வேலை மட்டும் வேண்டாம், ஏன்னு கீழ சொல்றேன். சுருக்கமா, கப்பல் எங்கயும் ஓடிப்போகாது, பணத்துக்குத்தான் கெடு ஓடிட்டு இருக்கு.

அன்னிக்கே செய்யவேண்டியது

சைட்டு இன்னும் திறக்குதுன்னா உடனே உங்க அக்கவுண்டுக்குள்ள போய் ஆர்டர் ஹிஸ்டரி, சப்ஸ்கிரிப்ஷன் பக்கம், எத்தனாவது இஷ்யூ (வரிசையா வர்ற நம்பர்) வரைக்கும் அனுப்பியிருக்காங்கங்கிற பக்கம், எல்லாத்தையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துடுங்க. நாளைக்கு எடுத்துக்கலாம்னு விட்டா நாளைக்கு சைட்டே இருக்காது. அப்புறம் ஆர்டர் கன்ஃபர்மேஷன் மெயில், கார்டு ஸ்டேட்மென்ட், "தாமதத்துக்கு மன்னிக்கவும்"னு அவங்க அனுப்பின மெயில் இதெல்லாம் ஒரே ஃபோல்டர்ல. அந்த மன்னிப்பு மெயில்தான் பின்னாடி ரொம்ப உதவும், பொருள் வரலைன்னு அவங்களே எழுதிக் குடுத்த சாட்சி.

இன்னொரு விஷயம், பெட்டி மேல இருக்கிற பிராண்டு பேரு வேற, கம்பெனியோட ரெஜிஸ்டர் பேரு வேற. மெயிலோட அடியில பொடி எழுத்துல ரெஜிஸ்டர் பேரும் கம்பெனி நம்பரும் இருக்கும், அதை எழுதி வச்சுக்கங்க. அந்த நம்பரை வச்சு இங்கிலாந்தோட கம்பெனி பதிவு ஆபீஸான கம்பனீஸ் ஹவுஸ்ல காசு குடுக்காம தேடலாம், கவுந்த கம்பெனியைப் பாத்துக்க யாரை அட்மினிஸ்ட்ரேட்டரா போட்டிருக்காங்க, என்ன பேப்பர் ஃபைல் பண்ணியிருக்காங்க எல்லாம் அங்க வரும். அந்த ஊர் அரசு கெஜட்லயும் நோட்டீஸ் வரும். வதந்தியை நம்பி பதறுறதுக்கு பதிலா இதைப் பாருங்க.

காசை எப்படித் திரும்ப எடுக்குறது

இங்கிலாந்து சட்டத்தை வச்சு சொல்றேன். கிரெடிட் கார்டுல வாங்கியிருந்தா 1974 கன்ஸ்யூமர் கிரெடிட் சட்டத்தோட செக்ஷன் 75 இருக்கு. பொருளோட விலை 100 பவுண்டுக்கு மேல, 30,000 பவுண்டுக்குள்ள இருந்தா கம்பெனி எவ்வளவு பொறுப்போ கார்டு குடுத்தவனும் அவ்வளவு பொறுப்பு. இதுல நிறைய பேருக்கு தெரியாத நல்ல விஷயம், முழு காசையும் கார்டுல கட்டியிருக்கணும்னு இல்ல, அட்வான்ஸ் மட்டும் கார்டுல போட்டிருந்தாலும் முழு தொகைக்கும் கேக்கலாம். கெட்ட விஷயம், 100 பவுண்டுங்கிறது ஒரு பொருளோட விலை, கூடையோட மொத்தம் இல்ல. 30 பவுண்டு கப்பல் அஞ்சு வாங்கி 150 ஆச்சுன்னு போய் நின்னா கிடையாதுன்னுடுவான். நடுவுல பேபால் மாதிரி ஆள் வழியா காசு போயிருந்தாலும் இந்த உரிமை பெரும்பாலும் அறுந்துடும், அப்ப பேபாலோட சொந்த பாதுகாப்பு திட்டத்துலதான் கேக்கணும், அதுக்கும் கெடு இருக்கு.

டெபிட் கார்டுன்னா, இல்ல 100-க்கு கீழன்னா, சார்ஜ்பேக், அதாவது கார்டுல போன காசை பேங்க் வழியா திருப்பி இழுக்கிறது. இது சட்டம் இல்ல, விசா மாஸ்டர்கார்டு ரூல், பொதுவா 120 நாள் கெடு. அதனாலதான் ஏலத்துல உக்காந்து புலம்புற நேரத்துல பேங்குக்கு ஃபோன் போடுங்கன்னு கத்துறேன். "கம்பெனி வந்து ஏதாவது சொல்லட்டும், பாப்போம்"னு ஆறு மாசம் பொறுமையா இருந்த நல்லவங்கதான் கடைசில கையை விரிச்சுட்டு நிப்பாங்க.

சப்ஸ்கிரிப்ஷன் ஓடிட்டு இருந்தா அதை நிறுத்துறது உங்க வேலை. டைரக்ட் டெபிட்னா (அக்கவுண்ட்ல இருந்து நேரா எடுக்க நாம குடுத்த அனுமதி) பேங்க் ஆப்லயே கேன்சல் பண்ணலாம், தப்பா எடுத்த காசுக்கு டைரக்ட் டெபிட் கியாரண்டில பேங்க் திருப்பித் தரணும். கார்டு நம்பரை வச்சு மாசாமாசம் இழுக்கிறாங்கன்னா பேங்குக்கு ஃபோன் பண்ணி "இந்த ஆளுக்கு இனிமே அனுமதி இல்ல"ன்னு சொல்லணும், கம்பெனிகிட்டயே கேட்டுட்டு வாங்கன்னு அவங்க திருப்பி அனுப்பக்கூடாது.

இதெல்லாம் போக மிச்சம் இருக்கிற காசுக்கு அட்மினிஸ்ட்ரேட்டர்கிட்ட பாக்கி வரவேண்டிய ஆளா பேரு குடுக்கணும், ப்ரூஃப் ஆஃப் டெட்னு ஒரு ஃபார்ம். நியமனம் ஆன 8 வாரத்துக்குள்ள அவங்க தன்னோட திட்டத்தை பாக்கி வரவேண்டியவங்களுக்கு அனுப்பணும், அதைப் படிச்சா கம்பெனி யாருக்கு எவ்வளவு பாக்கின்னு தெரியும், படிக்கும்போது வயிறு எரியும். ஏன்னா வரிசை அப்படி. கம்பெனி சொத்தை அடமானமா வாங்கிக் கடன் குடுத்த பேங்க், அட்மினிஸ்ட்ரேட்டரோட செலவு, ஊழியர் சம்பள பாக்கி, 2020 டிசம்பர்ல இருந்து வரி ஆபீஸுக்கும் சில பாக்கிகள்ல முன்னுரிமை, இப்படி எல்லாரும் சாப்பிட்டு எழுந்தப்புறம் கடைசி பந்தி நாம. பவுண்டுக்கு சில பென்ஸ் வந்தா பெரிய விஷயம், ஒண்ணுமே வராமலும் போகலாம். ஆனாலும் ஃபார்மை போடுங்க, பத்து நிமிஷ வேலைதான்.

"என் கப்பல் கோடவுன்ல ரெடியா இருக்கு, காசு கட்டியாச்சு, அது என்னோடது"ன்னு சண்டை போடுறவங்க இருக்காங்க. உங்களுக்குன்னு தனியா பிரிச்சு எடுத்து வச்சிருந்தா வேற கதை, இல்லைன்னா அது பொதுக் குவியல்ல ஒண்ணு, நீங்க வெறும் பாக்கி வரவேண்டிய ஆள்.

பாதி கட்டின கப்பல்

இதுதான் இருக்கிறதுலயே கொடுமை. ரெடிமேட் மாடல்னா 40 கப்பல் வந்துச்சு, 41 வரல, அவ்வளவுதான். பாகம் பாகமா வர்ற பில்ட்-அப்ல பாதிக்கடல்ல விட்டுட்டுப் போயிடுவாங்க. என் கதை இதுதான், கம்பெனி பேரு வேண்டாம், 14 மாசம் காசு கட்டி வாங்கின கப்பல் ஒண்ணு, அதோட தட்டு வடிவ பாகத்துக்கு மேல்மூடி இல்லாம, வயரெல்லாம் வெளிய தொங்க, ஆபரேஷன் தியேட்டர்ல பாதில டாக்டர் எழுந்து போன மாதிரி கிடக்கு.

இப்படி மாட்டிக்கிட்டா மொதல்ல பாகங்களைச் சேத்து கோக்குறதை நிறுத்துங்க. கையில இருக்கிற மிச்ச பாகத்தையும் முடுக்கிடலாம்னு தோணும், வேண்டாம், பின்னாடி யாராவது தொடர்ந்தா அசெம்பிளி வரிசை மாறியிருக்கலாம், பழுதான சர்க்யூட் போர்டை மாத்தணும்னா மறுபடி பிரிக்கணும். பசை மட்டும் தொடவே தொடாதீங்க. ஒவ்வொரு இஷ்யூவோட பாகத்தையும் அந்த நம்பர் எழுதின ஜிப் கவர்ல போட்டு, ஸ்க்ரூவை தனியா, கையேட்டுல இருக்கிற அந்த எழுத்துக் குறியோட போட்டு வைங்க. ஸ்க்ரூ எல்லாம் பாக்க ஒண்ணு மாதிரியே இருக்கும், ஆனா பிளாஸ்டிக்குக்கு உள்ளது மெட்டல்ல போகாது, மெட்டலுக்கு உள்ளதை பிளாஸ்டிக்ல போட்டா தூணு விரிசல் விட்டுடும். எல்இடி எல்லாத்தையும் ஒரு தடவை எரியவிட்டு பாத்துட்டு பேட்டரியைக் கழட்டிடுங்க, பேட்டரியோட பெட்டியில மூடி வச்சு ரெண்டு வருஷம் கழிச்சு திறந்தா பச்சையா கசிஞ்சு காண்டாக்ட்டை தின்னிருக்கும்.

அப்புறம் ஒரு பட்டியல் போடுங்க, எந்த இஷ்யூ இருக்கு, எது இல்ல, எது டபுளா வந்துச்சு. உங்களை மாதிரியே மாட்டினவங்க நிறைய பேரு இருப்பாங்க, ஒருத்தர்கிட்ட 60 வரைக்கும் இருக்கும், இன்னொருத்தர் 45-ல கடுப்பாகி நிறுத்தியிருப்பாரு, அவரோட செட்டே உங்களுக்கு ஸ்பேர் பார்ட்ஸ். அதனால எரிச்சல்ல பாகத்தைப் பிரிச்சு விக்காதீங்க, தூக்கியும் போடாதீங்க. ஈகிள்மாஸோட எண்டர்பிரைஸ்-டிங்கிற ஸ்டார் ட்ரெக் கப்பல் பில்ட்-அப் அப்படித்தான் நடுவழில நின்னுச்சு, ஆனா அதை பின்னாடி ஃபேன்ஹோம்ங்கிற வேற கம்பெனி எடுத்து ஓட்டுச்சு. கோவத்துல பாதிக் கப்பலைக் குப்பைத்தொட்டில போட்டவங்க நிலைமையை நினைச்சுப் பாருங்க.

ஏன் உடனே ஏலத்துக்குப் போகக்கூடாது

கம்பெனின்னு நாம சொல்றது உண்மையில மூணு தனித்தனி விஷயம். கோடவுன்ல கிடக்கிற சரக்கு, ஃபேக்டரில இருக்கிற மாடல் வார்க்கிற அச்சு, ஸ்டூடியோகிட்ட வாங்கின லைசன்ஸ். கம்பெனி சாகும்போது இந்த மூணும் மூணு திசைக்குப் போகும். சரக்கை அட்மினிஸ்ட்ரேட்டர் காசாக்கணும், அதுதான் அவர் வேலை, அதனால அது எங்கயாவது வெளிய வந்தே தீரும். ஈகிள்மாஸோட மிச்ச ஸ்டார் ட்ரெக் கப்பல்கள் மாஸ்டர் ரெப்ளிகாஸ்ங்கிற கம்பெனி வழியா மறுபடி விற்பனைக்கு வந்துச்சு. மூணு மடங்கு குடுத்தவங்க மூஞ்சி எப்படி இருந்திருக்கும்.

அச்சுக்கு ஆயுசு இன்னும் கெட்டி. ஏஎம்டி (AMT)ங்கிற அமெரிக்க கம்பெனி 1966-ல போட்ட ஸ்டார் ட்ரெக் எண்டர்பிரைஸ் கிட், கம்பெனி லெஸ்னி, எர்ட்டில்னு கை மாறி மாறி இப்ப ரவுண்ட் 2 கிட்ட இருக்கு, ஏஎம்டி பேருல கிட் இன்னும் வருது. சயின்ஸ் ஃபிக்ஷன் இல்லைன்னாலும் ஏர்ஃபிக்ஸ்ங்கிற பிரிட்டிஷ் மாடல் கிட் பிராண்டோட கதை இதுக்கு நல்ல பாடம். 2006-ல அதோட ஓனர் ஹம்ப்ரால், பிரான்ஸ்ல இருந்த ஹெல்லர் ஃபேக்டரிலதான் கிட் அடிச்சுட்டு இருந்தாங்க, ஜூலைல ஹெல்லர் விழுந்துச்சு, அச்சு அங்க மாட்டிக்கிச்சு, ஆகஸ்ட் கடைசில ஹம்ப்ராலும் விழுந்துச்சு. எல்லாரும் ஏர்ஃபிக்ஸ் அவ்வளவுதான்னாங்க, நவம்பர்ல பொம்மை ரயில் கம்பெனி ஹார்ன்பி 26 லட்சம் பவுண்டுக்கு வாங்கிடுச்சு. இன்னிக்கும் கடைல இருக்கு.

லைசன்ஸ்தான் இழுக்கும். அது செத்த கம்பெனியோட சொத்து மாதிரி சுலபமா கைமாறாது, ஸ்டூடியோ பாத்துத்தான் அடுத்த ஆளுக்குக் குடுக்கும், அதனால அச்சு இருந்தும் ரெண்டு மூணு வருஷம் ஒண்ணுமே வராம இருக்கலாம். இந்த இடைவெளிலதான் பதுக்கி வச்சு விக்கிறவன் சம்பாதிக்கிறான்.

சரி, எனக்கு இப்பவே வேணும், தூக்கம் வரலன்னா, கடைசி நம்பர்களை வாங்குங்க, முதல் நம்பர்களை இல்ல. பார்ட்வொர்க்ல, அதாவது இப்படி நம்பர் நம்பரா வர்ற தொடர்ல, இஷ்யூ 1 எப்பவும் மலிவு விலைல லோடு கணக்குல அடிச்சு விடுறது, போகப்போக ஆள் குறையும், அடிக்கிற எண்ணிக்கையும் குறையும். கடைசி ஒரு வருஷத்துல வந்தது நிஜமாவே கம்மி. இதைத் தெரியாம "அரிய முதல் இதழ்"னு ஒருத்தன் போட்டா அதுக்கும் ஏலம் கேக்க ஆள் இருக்கு, அது என்னவோ.

போலியும் வரும். படத்தை மட்டும் பாத்து வாங்காதீங்க, ஸ்டாண்டு இருக்கா, அது அந்தக் கப்பலோட வடிவத்துக்கே செஞ்ச ஸ்டாண்டானு கேளுங்க, எடை போட்டுச் சொல்லச் சொல்லுங்க. டை-காஸ்ட் (உலோக வார்ப்பு) பாகம் இருக்கிற கப்பலை ரெசின்ல வார்த்து வித்தா கையில எடுத்ததும் தெரியும், ஆனா கையில எடுக்கிறதுக்குள்ள காசு போயிருக்கும், அதான்.

இனிமே ஸ்பேர் கிடையாதுங்கிறதால இருக்கிறதைப் பாத்துக்கங்க. வெயில் படுற ஜன்னல்கிட்ட வெள்ளைக் கப்பல் வேண்டாம், மஞ்சளாயிடும். ஸ்டாண்டைத் தொலைக்காதீங்க, மேகசினைத் தூக்கிப் போடாதீங்க. மெல்லிசா நீட்டிட்டு இருக்கிற இன்ஜின் தாங்கியைப் பிடிச்சு கப்பலைத் தூக்கக்கூடாது, வீட்டுல வர்றவங்க எல்லாரும் சொல்லி வச்ச மாதிரி அங்கதான் பிடிப்பாங்க.

கொஞ்ச நாள்ல புது கம்பெனி ஒண்ணு வரும், பழைய ஆளுங்க நாலு பேரு இருப்பாங்க, "விட்ட இடத்துல இருந்து தொடர்றோம்"னு மெயில் வரும். சந்தோஷம், வாங்கலாம். ஆனா புது கம்பெனிக்கு பழைய கம்பெனியோட கடன் ஒட்டாது, நீங்க அங்க கட்டின காசை இங்க கேட்டா சட்டப்படி அவங்களுக்கு பொறுப்பு இல்ல, கேட்டு சண்டை போட்டு பிரயோஜனம் இல்ல. வருஷ சந்தா மொத்தமா கட்டினா பத்து பர்சன்ட் கழிவுன்னு சொன்னா அந்த பத்து பர்சன்ட் அவங்ககிட்டயே இருக்கட்டும். அனுப்பினப்புறம் காசு எடுக்கிற கடையில வாங்குங்க, பெரிய பொருள்னா கிரெடிட் கார்டு.

என் கப்பலுக்கு போன வருஷம் ஒருத்தர் மேல்மூடியை த்ரீடி பிரின்ட் பண்ணி அனுப்பினாரு. ரெண்டு மில்லிமீட்டர் பெருசு. தேய்ச்சுட்டு இருக்கேன்.