கைக்குழந்தை பாலர் பள்ளிக்கு வரும்போது

கைக்குழந்தையைச் சேர்க்க வருகிறவர்களிடம் எடுத்த எடுப்பில் படிவத்தை நீட்டாதீர்கள். உட்காரவைத்துப் பேசுங்கள். தோளில் போட்டுத் தட்டினால் தூங்குமா, மடியில் ஆட்ட வேண்டுமா? பசி அழுகை எப்படி இருக்கும்? வீட்டில் என்ன சொல்லிக் கூப்பிடுகிறார்கள்? இவற்றை அவர்கள் சொன்ன சொற்களிலேயே எழுதிக்கொள்வது என் வழக்கம். அப்பாவோ பாட்டியோ உடன் வந்திருந்தால் அவர்களையும் கேட்பேன். ஒரே குழந்தையைப் பற்றி மூவரும் மூன்று விதமாகச் சொல்வார்கள், மூன்றும் பயன்படும்.

எந்த ஆசிரியை அந்தக் குழந்தைக்குப் பொறுப்பு என்பதை அன்றே முடிவு செய்யுங்கள். பால் கொடுப்பது, டயப்பர் மாற்றுவது, தூங்கவைப்பது எல்லாம் முடிந்தவரை அவர் கையாலேயே நடக்கட்டும். 1946-இல் புடாபெஸ்டில் குழந்தைகள் இல்லம் தொடங்கிய மருத்துவர் எம்மி பிக்லர், இந்த அன்றாட வேலைகளைத்தான் குழந்தையோடு உறவு வளரும் நேரமாகக் கருதினார். “இப்போது காலைத் தூக்கப் போகிறேன்” என்று சொல்லிவிட்டு ஒரு கணம் காத்திருங்கள். நாளடைவில் குழந்தையே காலைத் தூக்கித் தரும்.

பழக்கும் காலத்தில் அவசரம் வேண்டாம். ஜெர்மனியில் பரவலாக உள்ள பெர்லின் முறையில் முதல் மூன்று நாட்கள் பிரிவே கிடையாது. அம்மாவோ அப்பாவோ கூடவே இருந்துவிட்டு, குழந்தையோடு வீடு திரும்புகிறார்கள். நான்காம் நாள்தான், சொல்லிக்கொண்டு, அதிகபட்சம் 30 நிமிடம் வெளியே போகிறார்கள். ஆசிரியையின் கையில் அழுகை அடங்கவில்லை என்றால் உடனே திரும்பி வருகிறார்கள். அடுத்த முயற்சி சில நாட்கள் தள்ளிப்போகிறது. வேற்றுமுகம் பார்க்கத் தொடங்கிவிட்ட குழந்தைக்கு இன்னும் நாள் பிடிக்கலாம். குழந்தை விளையாட்டில் இருக்கும்போது சத்தமில்லாமல் நழுவிப் போகுமாறு பெற்றோரிடம் சொல்கிறவர்கள் மீது எனக்குக் கோபமே வருகிறது. அப்படி ஒருமுறை அம்மாவைத் தொலைத்த குழந்தை மறுநாள் அவர் சேலையை விடாது.

நடுவில் வந்து பாலூட்ட முடிகிற அம்மாவுக்கு, சாய்ந்து உட்கார ஒரு நாற்காலியும் சந்தடியில்லாத மூலையும் எப்போதும் தயாராக இருக்கட்டும். பாட்டிலில் வரும் தாய்ப்பாலில் பெயரும் தேதியும் எழுதுங்கள். புதிதாகக் கறந்த பால் 25 டிகிரி செல்சியஸுக்கு மேற்படாத அறை வெப்பத்தில் 4 மணி நேரம், குளிர்சாதனப் பெட்டியில் 4 நாள் தாங்கும்.

இனி, பள்ளியில் ஏற்கெனவே இருக்கிற மூத்த பிள்ளைகள். பாப்பா வரப்போவதை முன்கூட்டியே அவர்களிடம் சொல்லுங்கள்: கை கழுவிவிட்டு வர வேண்டும், முகத்தைத் தொடக் கூடாது, பாதத்தைத் தொடலாம், தூக்கக் கூடாது. மூன்று வயதுப் பிள்ளை ஒன்று திடீரென்று மழலை பேசி மடியில் ஏறினால் அதட்டாதீர்கள், மடி கொடுங்கள். “பாப்பா தூங்குகிறது, சத்தம் போடாதே” என்று நாள் முழுதும் சொல்வதும் அநியாயம். ஓடியாடும் நேரத்தை வெளியே மாற்றுங்கள். மணி கோக்கவும் கட்டைகளை அடுக்கவும் பாப்பாவுக்கு எட்டாத மேசை ஒன்று அவர்களுக்கென்றே வேண்டும். கழிப்பறைத் தாள் சுருளின் அட்டைக் குழாய்க்குள் நுழைகிற எந்தப் பொருளும் தரையில் கிடக்கக் கூடாது. பட்டன் பேட்டரியும் காந்தமும் அறைக்குள்ளேயே வர வேண்டாம்.

ஒரு வயதுவரை மல்லாக்கப் படுக்கவையுங்கள். கெட்டியான, சமமான மெத்தை, தலையணை இல்லாமல். அன்பு மிகுதியால் மூத்த பிள்ளைகள் பொம்மையைக் கொண்டுவந்து பக்கத்தில் வைப்பார்கள். எடுத்துவிட்டு, மூச்சுக்கு இடைஞ்சல் என்று காரணம் சொல்லுங்கள். அடுத்த முறை அவர்களே காவல் இருப்பார்கள்.

மாலையில் “நன்றாக இருந்தாள்” என்று மட்டும் சொல்லி அனுப்பாதீர்கள். எவ்வளவு குடித்தாள், எப்போது தூங்கினாள், எதைப் பார்த்துச் சிரித்தாள் என்று சொல்லுங்கள். குழந்தை முதல் அடி எடுத்துவைப்பது பள்ளியில் நடந்துவிட்டால் உடனே தெரிவிக்க வேண்டுமா, வீட்டில் அவர்களே பார்க்கும்வரை பேசாமல் இருக்க வேண்டுமா என்பதைச் சேர்க்கும் நாளிலேயே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு விதமாகவும் பதில் வரும். அவர்கள் சொன்னபடி செய்யுங்கள்.